ஒரு வளையமும் நான்கு மூலைகளும்

பாட்டிச் சதுரத்தின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். பின்னத் தெரியாதவர்கள் அதைக் குறை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த ஓட்டையில்தான் எல்லாமே தொடங்குகிறது. குரோஷா ஊசியால் நான்கு சங்கிலிக் கண்ணி போட்டு, தலையையும் வாலையும் சேர்த்தால் ஒரு சின்ன வளையம். அதற்குள் ஊசியை விட்டு ஒரு நிறத்தில் ஒரு சுற்று, அதன்மேல் இன்னொரு நிறத்தில் இன்னொரு சுற்று, கடைசியில் பெரும்பாலும் கறுப்பு. உள்ளங்கை அளவுக்கு வந்ததும் நூலை அறுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். இப்படி நூறோ இருநூறோ சேர்ந்தால் ஒரு போர்வை.

உலகெங்கும் பின்னுகிறவர்கள் இதை ‘கிரானி ஸ்கொயர்’ என்பார்கள். நம்மூர் குரோஷாக் குழுக்களிலும் அதே பெயர்தான். பாட்டிச் சதுரம் என்று நான் சொல்வது ஆசைக்காக.

இதை முதலில் பின்னியவர் யார் என்று கேட்பது, முதல் கோலத்தைப் போட்டவர் யார் என்று கேட்பது மாதிரி. ஆனால் அச்சில் எப்போது வந்தது என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது: 1885 ஏப்ரல் 4. சிகாகோவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ப்ரேரி ஃபார்மர்’ என்ற பத்திரிகை அன்று இந்தச் சதுரத்தைப் படத்துடன் வெளியிட்டது. நமக்குத் தெரிந்தவரை இதன் மிகப் பழைய அச்சுச் சான்று அதுதான். 1841இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை கைவேலைக்கானது அல்ல, உழவர்களுக்கானது. சோளத்தையும் மாட்டையும் பற்றிப் படிக்கிறவர்களின் வீட்டுக்கு வந்த தாளில் இந்தச் சதுரம் இடம்பிடித்தது.

அதை அனுப்பியவர் திருமதி ஃபெல்ப்ஸ். அவ்வளவுதான். அவருடைய சொந்தப் பெயர் அந்தத் தாளில் இல்லை. இந்தச் சதுரத்தோடு சேர்த்துச் சொல்லக் கிடைத்த மிகப் பழைய பெயரே ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் மட்டும் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. கோடிக்கணக்கான மடிகளில் வளர்ந்த ஒரு பொருளின் வரலாறு இப்படி அரைப் பெயரில் தொடங்குகிறது. அவரே அதை யோசித்துக் கண்டுபிடித்தார் என்று நான் நினைக்கவில்லை. யாருடைய திண்ணையிலோ பார்த்து, கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்திருப்பார். கைவேலை அப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது. அச்சு எப்போதுமே கைக்குப் பின்னால்தான் வரும்.

அந்தத் திண்ணைக்கு அது வந்து சேர்ந்த வழியில் மூன்று கிளைகள் இருக்கின்றன. ஒன்று ஊசியின் வழி, ஒன்று பசியின் வழி, மற்றது சாயத்தின் வழி.

ஊசியிலிருந்து தொடங்குவோம். குரோஷா என்பது பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று பொருள். இந்தப் பின்னல் எவ்வளவு பழையது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் பலூடான் என்ற ஆய்வாளர் பல காலம் தேடினார். அரேபியா, தென் அமெரிக்கா, சீனா என்று ஆளுக்கொரு கதை சொல்லப்பட்டாலும், ஐரோப்பாவில் 1800க்கு முன் இது இருந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அச்சில் வந்த முதல் குரோஷா வடிவங்கள் 1823இல் ‘பெனலோப்’ என்ற டச்சு இதழில் வெளியானவை. பணம் போட்டு வைக்கும் சுருக்குப் பைகளுக்கான வடிவங்கள் அவை.

அதற்கு முன்? இங்கேதான் நம் பக்கத்துக் கைவேலை ஒன்று உள்ளே வருகிறது. இன்று தமிழ்நாட்டில் கல்யாண ரவிக்கை என்றால் ஆரி ஒர்க் இல்லாமல் நடப்பதில்லை. ஆரி ஊசியின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள்: அதிலும் ஒரு நுண்ணிய கொக்கி இருக்கும். ஃபிரேமில் துணியை விறைப்பாகக் கட்டி, ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கியால் கண்ணியாக மேலே இழுத்து, அந்தக் கண்ணிக்குள்ளேயே அடுத்த கண்ணியை இழுப்பார்கள். சங்கிலித் தையல். இந்தியா, பாரசீகம், துருக்கி ஆகிய நாடுகளில் இருந்த இந்த வேலை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. துணியை மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டுவதால் பிரெஞ்சில் அதற்கு ‘தம்பூர்’ வேலை என்று பெயர் வந்தது. ஒரு கட்டத்தில் யாரோ அடியிலிருந்த துணியை எடுத்துவிட்டார்கள், சங்கிலி மட்டும் காற்றில் நின்றது, அதுவே குரோஷா ஆயிற்று என்பது வல்லுநர்களில் ஒரு சாரார் கருத்து. ‘காற்றில் கொக்கி வேலை’ என்று பிரெஞ்சில் ஒரு தொடரே உண்டு. இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு ஊசிகளையும் பிடித்துப் பழகிய கைக்கு இந்தக் கருத்து உடனே பிடித்துப்போகும்.

இரண்டாவது வழி அயர்லாந்து. 1845இல் அங்கே உருளைக்கிழங்குச் செடியில் அழுகல் நோய் விழுந்தது. ஏழைகளின் ஒரே சாப்பாடு மண்ணுக்குள்ளேயே கறுத்துக் குழைந்து போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு மக்களாவது கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்தில்தான் குரோஷா, பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து கஞ்சிக்கு வழி என்ற நிலைக்கு வந்தது. கார்க் நகரத்தில் உர்சுலைன் கன்னியாஸ்திரிகள் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மொனகன் மாவட்டத்து க்ளோனெஸ் ஊரில், பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் அதையே பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கினார். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசி லேஸைப் போலவே தோன்றும், ஆனால் அதைவிடப் பல மடங்கு வேகமாக முடியும். ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் என்ற பெண்மணி எழுதிய வடிவப் புத்தகங்கள் இந்த வேலையை வீடு வீடாகக் கொண்டுபோயின.

அயர்லாந்தின் லேஸில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அவர்கள் ஒரு சட்டைக் காலரை ஒரே ஆளாக, ஒரே துணியாகப் பின்னவில்லை. ரோஜாப் பூ தனியே, இலை தனியே, திராட்சைக் கொத்து தனியே பின்னினார்கள். ஒரு குடும்பம் ரோஜாவில் கைதேர்ந்ததாக இருக்கும், அடுத்த குடும்பம் இலையில். எல்லாவற்றையும் கடைசியில் ஒரு கை வலைப்பின்னலால் இணைக்கும். பெரிய பொருள் ஒன்றை மடியில் அடங்கும் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு கை செய்யலாம் என்ற அந்த எண்ணம்தான் பாட்டிச் சதுரத்தின் உயிர் என்று நான் நம்புகிறேன். கப்பலேறியவர்கள் பெட்டியில் என்ன கொண்டுபோனார்களோ, விரல்களில் இந்தப் பழக்கத்தைக் கொண்டு அமெரிக்கா போனார்கள்.

சாயத்தின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து லேஸ் வெள்ளை, மெல்லிய பருத்தி நூல். பாட்டிச் சதுரமோ உல்லன், அதுவும் கண்ணைப் பறிக்கும் நிறங்களில். 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் ஹென்றி பெர்க்கின், மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, தவறிப்போய் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் பின்னால் செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. பணக்காரர் அலமாரியில் மட்டும் இருந்த நிறங்கள் சாதாரண வீட்டு நூல் கூடைக்குள் வந்தன. கட்டம் போட்ட தாளைப் பார்த்துத் துணியில் படம் தைக்கும் ‘பெர்லின் உல்லன்’ வேலை அப்போது ஒரு மோகமாகவே இருந்தது. அப்படித் தைக்கிறவர்கள் வீட்டில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம், இரண்டு முழம் என்று மிச்ச நூல் கிடக்கும். எறிய மனம் வராது, தனியாக எதற்கும் போதவும் போதாது.

இந்த நேரத்தில் அமெரிக்கப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வையில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். பழைய சட்டை, கிழிந்த பாவாடை எல்லாவற்றையும் சதுரம் சதுரமாகத் தைத்து, சதுரங்களைக் கோத்துப் போர்வையாக்குவார்கள். 1880களில் பட்டும் வெல்வெட்டுமாகக் கோணல்மாணலான துண்டுகளை ஒட்டும் ‘கிரேஸி க்வில்ட்’ நாடெங்கும் பரவியது. துணியில் செய்ததை நூலிலும் செய்தால் என்ன என்று ஒரு கை யோசித்திருக்கும். 1897இல் லண்டனின் வெல்டன் நிறுவனம் வெளியிட்ட கைவேலை இதழிலும் இந்தச் சதுரம் வருகிறது. அங்கே அதன் பெயர் ஒட்டுத்துண்டுச் சதுரம். மிச்சம் மீதி நூலைத் தீர்க்கத் தோதானது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட சிறப்பு. பாட்டி பிறகுதான் பெயருக்குள் வந்தாள்.

சரி, ஊசியைக் கையில் எடுப்போம். இந்தச் சதுரத்தின் கதையைச் சொல்லிவிட்டுப் பின்னச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது, சமையல் வாசனையைக் காட்டிவிட்டு இலையை எடுத்துவிடுவது மாதிரி.

முதல் சதுரத்துக்கு வெளிர் நிறத்தில், நடுத்தரப் பருமன் நூலும் 4 மி.மீ. ஊசியும் போதும். கறுப்பு நூல் வேண்டாம், கண்ணி தெரியாது. மயிர் பறக்கும் நூலும் வேண்டாம், பிரிக்க வராது. நம்மூர் வெயிலுக்குப் பருத்தி நூலே நல்லது. சுருக்குக் கண்ணி போட்டு, நான்கு சங்கிலி பின்னி, முதல் சங்கிலியில் ஊசியை விட்டு நூலை இழுத்து வளையமாக்குங்கள்.

இனித் தெரிய வேண்டிய தையல் ஒன்றே ஒன்று, ட்ரெபிள். ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிக்கொண்டு வளையத்துக்குள் நுழையுங்கள். நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டு கண்ணிகள் வழியாக இழுங்கள், இரண்டு மிஞ்சும். இன்னொரு முறை மாட்டி அந்த இரண்டின் வழியாகவும் இழுங்கள், ஒன்றுதான் மிஞ்சும். ஒரு ட்ரெபிள் முடிந்தது. பத்து தடவை போட்டால் கை கற்றுக்கொள்ளும். அதன்பின் மனம் வேறு எங்காவது போகலாம்.

முதல் சுற்றில் மூன்று சங்கிலி போடுங்கள். அது ஒரு ட்ரெபிளுக்குச் சமம். கூட இரண்டு ட்ரெபிள் வளையத்துக்குள் போட்டால் மூன்று பேர் கொண்ட ஒரு கொத்து. இரண்டு சங்கிலி. மறுபடி மூன்று ட்ரெபிள். இரண்டு சங்கிலி. நான்கு கொத்து ஆனதும், கடைசி இரண்டு சங்கிலியையும் போட்டு, தொடங்கிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். பார்க்க வட்டம் மாதிரிதான் இருக்கும். கொத்துகளுக்கு நடுவே இருக்கும் அந்த நான்கு இரட்டைச் சங்கிலி இடைவெளிகள்தான் மூலைகள். இரண்டாம் சுற்றில் அது சதுரமாக முகம் காட்டும். புது நிறத்தை ஒரு மூலையில் கட்டி, அந்த ஒரே இடைவெளிக்குள் மூன்று ட்ரெபிள், இரண்டு சங்கிலி, மூன்று ட்ரெபிள். ஒரு சங்கிலி போட்டுக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய் அதையே செய்யுங்கள். மூன்றாம் சுற்றிலிருந்து மூலைக்கு இரண்டு கொத்து, பக்கவாட்டு இடைவெளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்து. இதற்கு மேல் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. இதே விதியில் கைக்குட்டை அளவும் போகலாம், கட்டில் அளவும் போகலாம்.

இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், நீங்கள் தையலின் தலையைத் தேடி ஊசியைக் குத்துவதில்லை, இடைவெளிக்குள் விடுகிறீர்கள். மற்ற குரோஷா வேலைகளில் புதியவர்களை அழவைப்பது அந்தத் தலையைக் கண்டுபிடிப்பதுதான். இங்கே இடைவெளி கதவு மாதிரி திறந்து கிடக்கும். கண் மங்கிய கிழவிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது ஒன்றுபோல் கைக்குத் தட்டுப்படும்.

கணக்கும் ஒழுங்கானது. முதல் சுற்றில் நான்கு கொத்து, இரண்டில் எட்டு, மூன்றில் பன்னிரண்டு, நான்கில் பதினாறு. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு கொத்து, அதாவது 12 ட்ரெபிள் கூடும். நான்கு சுற்றுச் சதுரம் ஒன்றில் மொத்தம் 120 ட்ரெபிள். பன்னிரண்டுக்குப் பதினைந்தாக 180 சதுரம் கோத்த போர்வையில் 21,600. மூலைக்கு இரண்டு கொத்து என்ற விதி மட்டும் சதுரத்தைச் சதுரமாக வைத்திருக்கிறது. ஒரு மூலையை மறந்தால் துணி கிண்ணம் போலக் குழியும், ஒன்று கூடினால் அந்தப் பக்கம் கொசுவம் விழும். சுற்று முடிந்ததும் நான்கு மூலைகளையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் என்னிடம் கொண்டுவரும் இரண்டு குழப்பங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, சதுரம் பம்பரம் சுற்றுவது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது. எல்லாச் சுற்றையும் ஒரே முகத்தைப் பார்த்துப் பின்னினால் தையல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடித்துப் பின்னுங்கள், நிமிர்ந்துவிடும். மற்றது சொல் குழப்பம். நான் மேலே ட்ரெபிள் என்று சொன்னது பிரிட்டிஷ் வழக்கு. அதே தையலை அமெரிக்கர்கள் டபுள் குரோஷே என்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷே என்றால் அதைவிடக் குட்டையான வேறு தையல். இந்தியாவில் இரண்டு நாட்டுப் புத்தகமும் புழங்குவதால், வடிவத்தைப் பார்த்துப் பின்னிய சதுரம் தகடு போல விறைத்துச் சின்னதாக வந்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். புத்தகம் எந்த நாட்டுடையது என்று பாருங்கள்.

பிறகு வால்கள். நிறம் மாறும் ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு நூல் வால் தொங்கும். நான்கு நிறச் சதுரத்துக்கு எட்டு. 180 சதுரத்துக்கு 1,440 வால். எல்லாம் முடிந்த பிறகு செருகிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களின் போர்வைகள் பலவற்றைப் பாதியில் பைக்குள் கிடக்கப் பார்த்திருக்கிறேன். வாலை அரைச் சாண் நீளமாவது விட்டு, அடுத்த சுற்றின் தையலுக்குள் வைத்தே மூடிப் பின்னிவிடுங்கள். மிஞ்சுவதை அந்தந்தச் சதுரம் முடிந்ததும் ஊசியில் கோத்து மூன்று முறை திசை மாற்றிச் செருகுங்கள். அக்ரிலிக் நூலாக இருந்தால் சுடச்சுட இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், இளகித் தொய்ந்துவிடும். நனைத்து, நான்கு மூலையிலும் குண்டூசி குத்திக் காயவிட்டாலே போதும்.

கடைசிச் சுற்றுக்கு ஏன் கறுப்பு? மிச்ச நூலில் பின்னும்போது நிறங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ரோஸ். எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் கரை கட்டினால் அந்தச் சண்டை அடங்கி, எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல ஆகிவிடும். மாதா கோயில் கண்ணாடி ஜன்னலில் ஈயப் பட்டைகள் செய்கிற வேலையை இங்கே கறுப்பு நூல் செய்கிறது. கோப்பதற்கு இரண்டு சதுரங்களையும் முகத்தோடு முகம் வைத்து ஓரத்தில் சுற்றித் தைக்கலாம். அல்லது கடைசிச் சுற்றைப் போடும்போதே பக்கத்துச் சதுரத்தின் இடைவெளியில் கொக்கியை விட்டுப் பிணைத்துக்கொண்டே போகலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

போர்வைதான் வேண்டும் என்பதில்லை. ஒரு சதுரம் டம்ளர் வைக்கும் விரிப்பு. இரண்டைச் சேர்த்தால் சில்லறைப் பை. பதின்மூன்றைக் குறுக்காகக் கோத்தால் தோளில் மாட்டும் பை. வரிசையாகக் கட்டினால் நிலைவாசல் தோரணம். கோக்கவே பிடிக்காதவர்கள் முதல் சதுரத்தையே நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே போனால் தொட்டில் பிள்ளைக்கு ஒரு போர்வை.

நான் இதைப் பின்னக் கற்றது சித்தியிடம். அப்போது வீட்டில் டி.வி. மேல், டீபாய் மேல், தண்ணீர்ப் பானை மேல் எல்லாம் குரோஷா விரிப்புதான். எனக்கு அது ஒரு விடுமுறைக்கால விளையாட்டு, வயர் கூடை மாதிரி. இந்தச் சதுரம் என்ன செய்யும் என்று புரிந்தது வெகு காலம் கழித்து, அம்மாவுக்குத் துணையாக ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. அங்கே படிக்க முடியவில்லை, நான்கு வரி தாண்டுவதற்குள் கண் படுக்கைக்குப் போய்விடும். பெரிய பின்னலும் முடியவில்லை, நர்ஸ் வந்தால் அள்ளிக்கொண்டு எழ வேண்டும். பாட்டிச் சதுரத்தை எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம். அரை மணி கழித்து எடுத்தாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை, அடுத்த இடைவெளி காத்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர்களின் சொந்தங்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஊசி ஒன்றே ஒன்றுதான், முறை வைத்துப் பின்னினோம். வீட்டுக்குத் திரும்பியபோது பையில் 46 சதுரங்கள். அவற்றில் எவை என் கை, எவை அவர்கள் கை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியும். அவர்கள் கண்ணிகள் என்னுடையதைவிட இறுக்கம்.

முன்பு பஞ்சமும் குளிரும் இதை வளர்த்தன என்றால், 20ஆம் நூற்றாண்டில் போரும் வளர்த்தது. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன். உல்லன் நூலுக்கும் கூப்பன். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, சுருள் நூலை நனைத்து நேராக்கி, அதிலிருந்து வேறொன்று பின்னினார்கள். 1950இல் டுபாண்ட் நிறுவனத்தின் ஆர்லான் என்ற அக்ரிலிக் இழை சந்தைக்கு வந்தது. மலிவு, பூச்சி அரிக்காது, இயந்திரத்தில் துவைக்கலாம். சதுரங்களின் எண்ணிக்கை அதன்பின் எங்கோ போயிற்று. 60களின் இறுதியிலும் 70களிலும் இளைஞர்கள் பாட்டியின் சோஃபாவிலிருந்து எடுத்து இதைக் கையில்லாச் சட்டையாகவும் குட்டைப் பாவாடையாகவும் போட்டுக்கொண்டார்கள். 1988இல் தொடங்கிய ‘ரோசான்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், உழைக்கும் குடும்பம் ஒன்றின் சோஃபா முதுகில் கறுப்புக் கரைப் பாட்டிச் சதுரப் போர்வை ஒன்று கிடக்கும். அந்த வீட்டின் வருமானத்தை அது ஒன்றே சொல்லிவிடும்.

இப்போது மறுபடி கடைகளில் பார்க்கிறேன். ஹேங்கரில் பாட்டிச் சதுரச் சட்டை, விலை ஒரு சினிமா டிக்கெட்டை விடக் கொஞ்சம் கூட. இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்வெட்டர் போன்ற பின்னலுக்குத் தொழிற்சாலை இயந்திரம் உண்டு. குரோஷா போலத் தோன்றும் லேஸைப் போடும் இயந்திரமும் உண்டு. ஆனால் உண்மையான பாட்டிச் சதுரத்தை அடித்துத் தள்ளும் ஆலை இன்றுவரை இல்லை. ஊசி ஒவ்வொரு தடவையும் ஒரு வெற்றிடத்தைத் தேடி நுழைந்து, திரும்பி, நூலைப் பிடித்து வர வேண்டும். அதை மனிதக் கை மட்டுமே செய்கிறது. அப்படியென்றால் அந்த மலிவுச் சட்டையிலும் ஒவ்வொரு ட்ரெபிளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்டிருக்கிறார். ஒரு சட்டைக்கு முப்பது சதுரம், சதுரத்துக்கு 120 ட்ரெபிள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விலைச்சீட்டைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆந்திரத்து நரசாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் தொழிலைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூலே எழுதினார். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கைப் பின்னிய பெண்களை உழைப்பாளிகளாகக் கணக்கில் எடுக்காமல், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் வீட்டுப் பெண்கள் என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள் என்று அதில் காட்டினார். திருமதி ஃபெல்ப்ஸின் அரைப் பெயரும் அந்தப் பெண்களின் அரைக் கூலியும் என் மனதில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

கூலிக்கு இல்லாமல் பின்னும் கைகளும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்து, அவர் பிறந்த நாளுக்கு 67 போர்வை செய்து ஏழைகளுக்குக் கொடுப்பது என்று ஒரு இயக்கம் தொடங்கியது. 2015 ஏப்ரலில் பிரிட்டோரியாவில் எல்லோருடைய போர்வைகளையும் இணைத்து 3,377 சதுர மீட்டருக்கு விரித்துக் கின்னஸ் பதிவில் இடம்பிடித்தார்கள்.

அந்தப் பதிவை முறியடித்தது சென்னை. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவில் இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் போகிறவர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஒரே அளவில் சதுரப் போர்வைகளைப் பின்னி அனுப்பினார்கள். எல்லாமே பாட்டிச் சதுரம் அல்ல, ஆளுக்கொரு பின்னல். ஆனால் வேலையின் சூத்திரம் அதேதான்: மடியில் அடங்கும் அளவு, நான்கு மூலை, கரையில் இணைப்பு. 2016 ஜனவரி 31 அன்று எல்லாவற்றையும் சென்னையில் ஒன்றாகக் கோத்து விரித்தபோது 11,148.5 சதுர மீட்டர் இருந்தது. நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். ஒரு நல்ல வயல் அளவுக்கு நூல்.

அளந்து, பதிந்து முடித்த பிறகு அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. இணைத்த தையலைப் பிரித்து, தனித்தனிப் போர்வைகளாக மடித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.